இப்போதைக்கு இது காணும்

எங்கள் அத்தான் புதுச் சாமான் ஒன்றைப் பாவித்து நான் பார்த்ததில்லை. இல்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். புதுச் சாரம், புதுப் பூட்டு, புது ரோர்ச் லைற், பெட்டி உடைக்காத மின்விசிறி எல்லாம் அக்காவின் அலுமாரிக்குள் அடுக்கடுக்காக இருந்தன. அவர் உடுத்தியிருந்ததோ நூல் தெரியத் தேய்ந்த சாரம். வாசல் படலையைக் கட்டி வைத்திருந்தது ஒரு சைக்கிள் ரியூப் துண்டு.

"நல்ல பூட்டு உள்ளுக்கை சும்மா கிடக்குது அத்தான். எடுத்துப் போட்டால் என்ன?" என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

"அது நல்ல சாமான் பிள்ளை. பிறகு உதவும். இப்போதைக்கு இது காணும்."

இது போதும் என்கிற இந்தப் பதிலைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு திருப்தி தெரியும். பசித்தவன் சோற்றைக் கண்ட மாதிரியான திருப்தி இல்லை. சோறு பானையில் இருக்கிறது, நான் இன்னும் தொடவில்லை என்ற திருப்தி. எனக்கு அதைப் பார்க்கப் பற்றிக்கொண்டு வரும்.

தெல்லிப்பழையில் இருந்த காணியை அப்பா சரிபாதியாகப் பிரித்து அக்காவுக்கும் எனக்கும் சீதனமாகத் தந்தார். நடுவில் ஒரு வேலி மட்டும்தான். அக்கா வீட்டில் தும்மினால் என் வீட்டில் கேட்கும். அதனால் அத்தானின் சுத்தியல் சத்தத்தோடுதான் நானும் வாழ்ந்தேன். மருத்துவமாதாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பிள்ளை பிறக்கிற இடத்தில் "இப்போதைக்கு" என்ற சொல் செல்லாது. அவருக்கும் எனக்கும் ஒத்துவராமல் போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஒரு இரும்புச் சாமான் நல்லதா கூடாதா என்று பார்க்க அவரிடம் ஒரு முறை இருந்தது. அதைக் கிணற்றுக்கட்டுச் சீமெந்தில் ஒரு தட்டுத் தட்டிக் காதுக்குக் கிட்டப் பிடிப்பார். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "சத்தம் சுத்தமாயிருக்கு" என்றால் அது தேறிவிட்டது என்று பொருள். அதற்கு மேல் வழக்கு இல்லை. அவருடைய ஒரு காது ஷெல் சத்தத்தில் செவிடாகிப் போனது ஊருக்கே தெரியும். மற்றக் காதை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

ஆனால் இதையும் சொல்லத்தான் வேண்டும். சண்டையால் குடாநாட்டுக்குச் சாமான் வராத தடைக் காலத்தில் அந்த மனிதர் ஒரு ராசா. பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை, மருந்து இல்லை, சவர்க்காரம்கூட இல்லை என்றிருந்த வருடங்களில், இல்லாததற்குப் பதிலாக எதை வைக்கலாம் என்று அவருக்கு மட்டும் தெரிந்திருந்தது. ஒரு சொட்டுப் பெற்றோலைக் காட்டி மோட்டார் சைக்கிளை உசுப்பிவிட்டு மண்ணெண்ணெயில் ஓட வைப்பார். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ பாட வைப்பார். தண்ணீர் இறைக்கும் மிசினுக்குத் தேய்ந்த செருப்பில் வாசர் வெட்டிப் போடுவார். கொடிகாமத்திலிருந்தும் அரியாலையிலிருந்தும் சாமான்களைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வருவார்கள். அவர் ஒழுங்கையால் நடந்து போனால் எதிரே வருகிறவர்கள் சைக்கிளை விட்டு இறங்குவார்கள். என் அக்கா அந்த வருடங்களில் தலையை நிமிர்த்திக்கொண்டு திரிந்தாள்.

பெரிய இடப்பெயர்வின்போது நடந்ததையும் சொல்கிறேன். குடாநாடே ஒரே றோட்டில் இறங்கி நடந்த நாள் அது. அத்தானின் சைக்கிள் பாரில் அக்கா. அவள் மடியில் தம்பி. அக்காவின் ஒரே பிள்ளை. அவனை எல்லோரும் தம்பி என்றுதான் கூப்பிடுவோம். அப்போது அவன் பால்குடி மறக்காத குழந்தை. சாவகச்சேரிக்கு முன்னம் சைக்கிள் செயின் அறுந்துவிட்டது. அத்தானின் பைக்குள் எண்ணெய்த் துணியில் சுற்றிய புதுச் செயின் ஒன்று இருந்தது. அது எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். அவர் அதை எடுக்கவில்லை. றோட்டோரத்தில் குந்தியிருந்து, வேலிக் கம்பியை முறுக்கி, அறுந்ததையே பொருத்தினார். சனம் எங்களை இடித்துக்கொண்டு போனது. அக்கா அழுதாள்.

"புதுச் செயின் இருக்கெல்லோ! இதைவிட எந்தக் காலத்துக்கு அது?"

"கத்தாதையும். இப்போதைக்கு இது காணும்."

கம்பிக் கட்டு கொடிகாமம் வரை தாங்கியது. அங்கே தம்பிக்குக் காய்ச்சல் வந்து, பால்மாவுக்கும் மருந்துக்கும் நாங்கள் அலைந்தபோது, அந்தப் புதுச் செயினைக் கொடுத்துத்தான் இரண்டையும் வாங்கினார். என் கண் முன்னால் வாங்கினார். அந்தச் செயினால்தான் பிள்ளை பிழைத்தான் என்பதை நான் மறுக்கமாட்டேன். அதற்குப் பிறகு அவரோடு வாதாட யாருக்கும் வாய் வரவில்லை. ஒரு மனிதர் ஒரு தடவை சரியாக இருந்துவிட்டால் குடும்பம் எவ்வளவு காலத்துக்கு அதற்கு விலை கொடுக்கவேண்டியிருக்கிறது!

நாங்கள் ஊர் திரும்பிய பிறகு சண்டை முடிந்து பாதை திறந்தது. லொறி லொறியாகச் சாமான் வந்து இறங்கியது. தண்ணீர் மிசின் பழுதானால் ஆட்கள் கடைக்குப் போய்ப் புதிதாக வாங்கினார்கள். அத்தானின் முற்றத்துக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள், பிறகு நின்றுபோனார்கள். சண்டை முடிந்ததற்குக் கவலைப்பட்ட ஒரே ஆள் எங்கள் வீட்டில்தான் இருந்தார் என்று அப்போது பகிடியாகச் சொல்லுவேன். அது பகிடியில்லை. கடை வாசலில் நின்று, கண்ணாடிக்குள் இருக்கும் மிசின்களைப் பார்த்து முறைத்துவிட்டு வருவார்.

"உது பக்டரிச் சாமான். ஆர் செய்தவன் எண்டு தெரியாது. நாளைக்குப் பிழைச்சால் ஆரின்ரை சட்டையைப் பிடிக்கிறது?"

தம்பி அதற்குள் வளர்ந்து, மாமா ஒருவரின் உதவியோடு கனடாவுக்குப் போயிருந்தான். அங்கே வேலை செய்துகொண்டே சனி, ஞாயிறுகளில் சின்ன விமானம் ஓட்டப் பழகினான். நாலு பேர் இருக்கக்கூடிய, ஒற்றை எஞ்சின் விமானம். லைசன்ஸ் எடுத்த அன்று வீடியோவில் கூப்பிட்டு விமானத்தைச் சுற்றிக் காட்டினான். அக்கா போனுக்கு முத்தம் கொடுத்தாள். அத்தான் மட்டும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"எத்தினை வருசப் பழசு தம்பி உது?"

"என்னைவிட வயசு கூட அப்பா. ஆனா உள்ளுக்கை ஒரு ஆணி மாத்தினாலும் ஆர் மாத்தினது, எந்த ஆணி, எங்கை வாங்கினது எல்லாம் எழுதியிருக்கும். இவ்வளவு மணித்தியாலம் ஓடினால் இந்தச் சாமானைக் கழட்டோணும் எண்டு கணக்கிருக்கு. நல்லாயிருந்தாலும் கழட்டத்தான் வேணும்."

"நல்லாயிருக்கிறதை எறியிறதோ? விசரே உங்களுக்கு?"

தம்பி சிரித்தான். பிறகு, இருந்த வாய் சும்மா இருக்காமல், அங்கே பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் ஒருவர் தன் கராஜுக்குள்ளேயே விமானம் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறார் என்றான். பலகையும் குழாயும் துணியும் வைத்துக் கையால் செய்கிறார். அது பக்டரி விமானத்தைவிடப் பாரம் குறைவு, சிலவேளை வேகமும் கூட. செய்தவருக்கு ஒவ்வொரு ஆணியும் தெரியும். அதற்குப் பக்டரியின் சேட்டிபிக்கட் கிடைக்காது. "கையால் செய்தது, ஏறுகிறவர் தன் பொறுப்பில் ஏறவேண்டும்" என்ற கருத்தில் உள்ளே ஒரு தகடு அடித்திருப்பார்களாம்.

அத்தான் எழுந்து நின்றார். எத்தனையோ வருடமாகக் காணாத அந்த நிமிர்வு திரும்பி வந்ததை நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன்.

"வெள்ளைக்காரன் கராஜுக்கை செய்யிறான். நான் வெங்காயக் கொட்டிலுக்கை செய்வன்."

செய்தார். வெங்காயம் கட்டித் தொங்கவிட்ட கொட்டிலில் அலுமினியக் குழாய்கள் தொங்கின. விமானம் செய்கிற வரைபடத்தைத் தம்பி அனுப்பினான். அப்பா ஏதோ பொழுதுபோக்குக்குச் செய்கிறார் என்று நினைத்து அனுப்பினான், பாவம். எஞ்சின் பழைய ஜேர்மன் கார் ஒன்றில் கழற்றியது. இருக்கை பஸ் இருக்கை. சிறகுக்குத் துணி தைத்தவள் என் அக்கா. கலியாணச் சட்டைகள் தைத்த மிசினில், முற்றம் முழுக்க விரித்த துணியை இழுத்து இழுத்துத் தைத்தாள். "எடியே, சிறகுக்குத் துணி தைக்கிறது சாறிக்கு ஓரம் அடிக்கிறது மாதிரித்தான்" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். பலாலியில் இறங்குகிற விமானங்கள் எங்கள் வீட்டுக்கு மேலால்தான் பணிந்து போகும். அத்தான் கொட்டிலுக்கு வெளியே வந்து நின்று அண்ணாந்து, "பக்டரிச் சாமான்" என்பார். ஏதோ கெட்ட சொல் சொன்ன மாதிரி இருக்கும்.

சீருடைக்காரர் வராமல் இருப்பார்களா? வந்தார்கள், படம் எடுத்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். நிலத்தில் ஓட்டிப் பார்க்கலாம், எழும்பக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

வீடியோவில் தம்பி முதலில் உற்சாகமாகத்தான் இருந்தான். போகப் போக அவன் குரல் மாறியது.

"அப்பா, சிறகைத் துணியாலை மூட முன்னம் வேறை ஒராள் உள்ளுக்கைப் பாக்கோணும். இஞ்சை கையாலை செய்யிற ஆக்களுக்கும் அது சட்டம்."

"நான் பாத்தனான்."

"செய்த ஆள் பாக்கிறது கணக்கில்லை அப்பா."

"பக்டரிக்காரனிலை உனக்கு நம்பிக்கை. அப்பனிலை இல்லை."

"பக்டரியை அங்கை ஒருத்தரும் நம்பிறேல்லை அப்பா. ஒருத்தன் செய்ததை மற்றவன் நம்பாமல் பாப்பான். அவனை இன்னொருத்தன் நம்பான். அதாலைதான் நான் ஏறி இருக்கிறன்."

இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது. அத்தான் போனை அக்காவின் கையில் கொடுத்துவிட்டுக் கொட்டிலுக்குப் போய்விட்டார். அன்றே மற்றச் சிறகையும் மூடினார்.

சிறகைத் தாங்குகிற சட்டம் உடம்போடு சேருகிற இடத்தில் இரண்டு பெரிய போல்ட்டுகள் வரவேண்டும். முழுப் பாரமும் அவற்றில்தான். அதைப் பற்றித் தம்பி கொஞ்சமும் விட்டுக்கொடுக்கவில்லை. விமானத்துக்கென்றே செய்த போல்ட்டுகளை, மேலதிகமாகவும் சிலது சேர்த்து, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டான். ஒவ்வொன்றின் தலையிலும் சின்னதாக ஒரு நட்சத்திர அடையாளம். அத்தான் ஒன்றை எடுத்துக் கிணற்றுக்கட்டில் தட்டினார். காதில் வைத்தார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

"தங்கம் பிள்ளை. தங்கம்."

துடைத்து, திரும்பக் கடுதாசியில் சுற்றி, வீட்டுக்குள் கொண்டுபோனார்.

அந்த ஆவணி மாதம் தம்பி வந்தான். நல்லூர்த் திருவிழாக் காலம். ஊர் முழுக்க வெளிநாட்டுப் பிள்ளைகள். அவன் கொட்டிலுக்குள் போய் விமானத்தை நெடுநேரம் தடவிப் பார்த்தான். வேலை அழகாகத்தான் இருந்தது, அதை யாரும் குறை சொல்ல முடியாது. வெளியே வந்து, மெதுவாக, "நான் இதிலை ஏறேல்லை அப்பா. உள்ளுக்கை பாக்காமல் ஏலாது" என்றான்.  அத்தான் அன்றிலிருந்து சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். சுத்தியல் சத்தமும் நின்றது. அக்காவுக்கு அந்த அமைதி பொறுக்கவில்லை. மகனின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள்.

"தம்பி, நிலத்திலை ஒருக்கா ஓட்டிக் காட்டிப் போட்டுப் போ ராசா. அந்த மனுசன் வேறை என்னத்தைக் கேட்டது உன்னட்டை?"

நான் வேலியைத் தாண்டிப் போய்க் கத்தினேன். "அக்கா, உனக்கு இருக்கிறது ஒரு பிள்ளை. மனுசன் பட்டினி கிடந்தால் கிடக்கட்டும். ரெண்டு நாளிலை தானாத் தின்னும்." அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "உனக்குப் பிள்ளையள் இல்லை. உனக்கு உது விளங்காது" என்றாள். வேலியைத் தாண்டித் திரும்பி வந்துவிட்டேன்.

அரியாலைக்குக் கிழக்கே கடல்நீரேரி வற்றினால் தரவை வெளி சீமெந்துத் தளம் போல இறுகிக் கிடக்கும். அத்தான் விடியவே லாண்ட்மாஸ்டர் உழவு மிசின் பெட்டியில் விமானத்தைக் கொண்டுபோய், சிறகுகளைப் பூட்டி, ஆயத்தமாக நிறுத்தியிருந்தார். நாங்கள் போனபோது சோளகக் காற்று வீசிக்கொண்டிருந்தது. சிறகுச் சட்டம் சேருகிற இடத்தில் துணி சுற்றி, மேலே பெயின்றும் பூசியிருந்தது. தம்பி அந்த இடத்தில் கையை வைத்தான்.

"நான் அனுப்பின போல்ட்டுத்தானே அப்பா போட்டனீங்கள்?"

அத்தான் அவனை நேராகப் பார்த்தார். "நான் செய்தது எப்பவாவது பிழைச்சிருக்கோ?"

பிழைத்ததில்லை. அதுதான் உண்மை. கம்பிக் கட்டுச் செயினிலிருந்து அன்றுவரை அவர் கை வைத்த ஒன்றும் பிழைத்ததில்லை. தம்பி தாயைத் திரும்பிப் பார்த்தான். அவள் முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்தான். ஏறி இருந்தான்.

நிலத்தில் ஓட்டுவதாகத்தான் பேச்சு. ஓடினான், திரும்பினான், மறுபடி ஓடினான். காற்று ஒரு பக்கமாக அடித்துத் தூக்கியதா, அவனுக்கே ஆசை வந்துவிட்டதா, நான் அவனிடம் கேட்டதில்லை. எழும்பிவிட்டது. வெங்காயக் கொட்டிலுக்குள் பிறந்த அந்தச் சாமான், அக்கா தைத்த சிறகோடு, வடலி உயரத்துக்கு, பனை உயரத்துக்கு எழும்பிப் பறந்தது. அத்தான் குழந்தை மாதிரித் துள்ளினார். நானும் கை தட்டினேன். ஏன் பொய் சொல்வேன்? வடிவாக இருந்தது. அவன் திரும்பி எங்களை நோக்கி வருவதற்காகச் சரித்தபோது, கிளை முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. ஒரு சிறகு மேல்நோக்கி மடிந்தது.

தம்பி சாகவில்லை. பெரியாஸ்பத்திரியில் அவன் காலை நான் கிள்ளிப் பார்த்தேன். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு, "எப்ப கிள்ளப் போறியள் சின்னம்மா?" என்றான். வைத்தியர் சொல்ல முன்னமே எனக்குத் தெரிந்துவிட்டது.

விசாரணைக்கு வந்தவர் முறிந்த போல்ட்டை ஒரு துணியில் வைத்துக் காட்டினார். பழைய லாண்ட்மாஸ்டர் பெட்டியில் கழற்றிய போல்ட். உள்ளே தலைமயிர் அளவு வெடிப்பு எப்போதோ இருந்திருக்கிறது என்றார். சத்தம் சுத்தமாக இருந்திருக்கும்.

அக்கா அறைக்குள் போனாள். அலுமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பால்மா ரின்னைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். தம்பி அனுப்பிய போல்ட்டுகள், சுற்றிய கடுதாசி கசங்காமல், எண்ணெய் பூசியபடி உள்ளே கிடந்தன. அத்தான் அதைப் பார்த்தார். அவர் சொன்னதைச் சொல்லாமல் விட்டால் நான் அவரைப் பற்றி எழுதியதில் அர்த்தமில்லை.

"அது வடிவா ஓடிப் பாத்தாப் பிறகு, உண்மையாப் பறக்கிற அண்டைக்குப் போடுவம் எண்டு வைச்சனான். இது இப்போதைக்குத்தானே."

நான் அவர் முகத்தில் காறித் துப்பவில்லை. அவ்வளவுதான் நான் காட்டிய மரியாதை.

தம்பி கனடாவுக்குத் திரும்பவில்லை. அங்கே அவன் தனி அறையில் இருந்தவன், தூக்கிப் பார்க்க ஆளில்லை. கூட விமானம் ஓட்டிய நண்பர்கள் சேர்ந்து, அவனுக்கு அளவெடுத்துச் செய்த சக்கரக் கதிரை ஒன்றை அனுப்பினார்கள். இடுப்பகலமும் தொடை நீளமும் அளவுநாடாவால் அளந்து சொன்னவள் நான். காற்றுப் போலப் பாரமில்லாத கதிரை. புண் வராமல் இருக்கத் தனி மெத்தை. பிளாஸ்ரிக் உறையோடு வந்தது. அந்த உறையோடே முன்னறை மூலையில் வைக்கப்பட்டது. அது வந்து சேருவதற்கு முன்னமே அத்தான் இரும்புக் குழாயும் சைக்கிள் சில்லும் வைத்து ஒரு கதிரை செய்துவிட்டார்.

"நல்ல கதிரை வந்திருக்கெல்லோ, அத்தான். அதிலை இருத்துங்கோ பிள்ளையை."

"அது நடக்கேலாத ஆக்களுக்குச் செய்த கதிரை. இவன் நடப்பான். இப்போதைக்கு இது காணும்."

நான் தம்பியைப் பார்த்தேன், அவனாவது வாய் திறப்பான் என்று. "ஓம் அப்பா" என்றான். அதன் பிறகு தகப்பனோடு அவன் கதைத்தது அந்த இரண்டு சொல் மட்டுமே. தண்ணி வேணுமோ? ஓம் அப்பா. வெயில் படுதோ? ஓம் அப்பா. திட்டியிருந்தால் அந்த மனிதர் பிழைத்திருப்பார். அவனுக்கு அது தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

இரும்புக் கதிரையில் இருந்து இருந்து பிட்டத்தில் புண் வந்தது. நான்தான் மருந்து கட்டினேன். ஆறும், பிறகு வெடிக்கும். வெடிக்கிற ஒவ்வொரு தடவையும் அத்தானோடு சண்டை பிடித்தேன். அவர் மோட்டார் சைக்கிள் ரியூப்பில் காற்றடித்து மெத்தை செய்தார். நாட்டில் பெற்றோலுக்கு வரிசை நின்ற வருடம் வந்தது. சில்லு ரயர்கூட இறக்குமதி இல்லை என்றார்கள். அவர் வேலிக்கு வந்து, முகம் மலர, "பாத்தீரே பிள்ளை, அந்தக் கதிரையை எடுத்திருந்தால் இப்ப ரயருக்கு எங்கை போறது?" என்று கேட்டார். வரிசைகளைப் பார்த்துச் சந்தோசப்பட்ட ஒரே மனிதர் அவர்தான். பழைய ஆட்கள் சிலர் மண்ணெண்ணெய் வித்தை கேட்டு வந்தார்கள். அவர்களோடு சிரித்துக் கதைத்தார். உள்ளே தம்பி படுத்திருந்தான்.

போன வருடம் அத்தான் வெங்காயக் கொட்டிலுக்குள் விழுந்து செத்துப்போனார். அலுமாரியில் இருந்த புது வேட்டியை அக்கா எடுத்து உடுத்திவிட்டாள். அவர் உடம்பில் முதல்முதலாகப் புதுத்துணி பார்த்தது அன்றைக்குத்தான். நான் அழவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த மறுநாள் கத்தரிக்கோலோடு போய், முன்னறைக் கதிரையின் பிளாஸ்ரிக்கை வெட்டினேன். அக்கா தடுக்கவில்லை. இருவருமாகத் தம்பியைத் தூக்கி அதில் இருத்தினோம்.

அவன் ஒரு பக்கமாகச் சரிந்தான். நிமிர்த்தினோம், மற்றப் பக்கம் சரிந்தான். இடுப்புக்கும் கைபிடிக்கும் இடையில் என் முழுக் கையும் போய் வந்தது. நான் அளந்து கொடுத்த உடம்பு இப்போது இல்லை. அது எத்தனையோ வருடத்துக்கு முந்திய தம்பியின் கதிரை. துணியைச் சுருட்டி இரண்டு பக்கமும் செருகிப் பார்த்தேன். சரிவரவில்லை.

"அந்த இரும்பு எப்பிடி இவனுக்கு இன்னும் அளவாயிருக்கு?" என்று ஆத்திரத்தோடு பழைய கதிரையைத் திருப்பினேன். கைபிடி பூட்டுகிற குழாயில் வரிசையாக ஓட்டைகள். ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று, உள்நோக்கி. பிள்ளை மெலிய மெலிய, அவர் ஒவ்வொரு ஓட்டையாகத் துளைத்துக் கைபிடியை உள்ளே தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். நடப்பான், நடப்பான் என்று எங்களிடம் சொல்லிக்கொண்டு, இவன் எவ்வளவு கரைகிறான் என்று விரலளவில் தெரிந்து வைத்திருந்திருக்கிறார். கடைசி ஓட்டையில் பூட்டியிருந்த போல்ட்டுகள் துருப்பிடிக்காமல் மின்னின. குனிந்து பார்த்தேன். தலையில் சின்னதாக ஒரு நட்சத்திரம்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

"எனக்குத் தெரியும் சின்னம்மா" என்றான் தம்பி. "போட்ட அண்டைக்கே தடவிப் பாத்தனான். அவர் ஒண்டும் சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை."

"பாவி மனுசன்" என்றேன். "சிறகுக்குப் போடாததைக் கொண்டுவந்து இந்தக் கட்டைக் கதிரைக்குப் போட்டிருக்கு."  அந்த மனிதருக்காக அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது. அது எனக்கு இன்னும் கோபமாக இருந்தது.

அவனைத் தூக்கிப் பழைய கதிரையில் இருத்தினேன். சரியாகப் பொருந்தியது. கைபிடிக்குக் கீழே விரலை விட்டு அவன் அந்தப் போல்ட்டைத் திருகிப் பார்த்தான். அசையவில்லை.

"நல்ல சாமான் சின்னம்மா" என்றான். "நான் போனாப் பிறகும் இருக்கும்."